இரவல் மெட்டு: நந்தன் பாட்டும் 1908 நெல்லையும்

ஒரு பாட்டு ஒரு கூட்டத்தாரிடமிருந்து இன்னொரு கூட்டத்தாரிடம் போய்ச் சேரும்போது இரண்டு விதமாக மாறலாம். சொல் அப்படியே இருக்க, தாளமும் நடையும் மாறலாம். அல்லது மெட்டு அப்படியே இருக்க, சொல் மாறலாம். முதல் வகையை இன்று எல்லோரும் 'கவர் வெர்ஷன்' என்கிறார்கள். இரண்டாவது வகைக்குத் தமிழில் நெடுங்காலமாகவே ஒரு பெயர் உண்டு. அது 'வர்ணமெட்டு'.

முதல் வகைக்குப் பெயர்போன இடம் ஜமைக்கா. 1950களில் அந்தத் தீவு இளைஞர்கள் அமெரிக்காவின் தென்பகுதி வானொலி நிலையங்களில் கறுப்பின மக்களின் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' பாட்டுகளை ஆசையோடு கேட்டார்கள். தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, அந்த இசைத்தட்டுகளைப் போட்டு ஆடினார்கள். பிறகு அதே பாட்டுகளைத் தாங்களே பாடத் தொடங்கியபோது, வழக்கமாக அழுத்தம் விழும் இடத்தை விட்டு, இடையிலுள்ள எதிரடியில் கிதாரை வெட்டி வெட்டி வாசித்தார்கள். அதிலிருந்து ஸ்கா, ராக்ஸ்டெடி, 1960களின் இறுதியில் ரெகே என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. 1956இல் பார்பி கே என்ற அமெரிக்கப் பெண் பாடிய 'மை பாய் லாலிபாப்' என்ற பாட்டை 1964இல் ஜமைக்காவின் மில்லி ஸ்மால் ஸ்கா நடையில் பாடினார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. முதலில் பாடியவரைக் கிட்டத்தட்ட எல்லோரும் மறந்துவிட்டார்கள்!

இதைவிட ஆழமான உதாரணம் பாப் மார்லி. கர்டிஸ் மேஃபீல்டு எழுதி, 'இம்ப்ரெஷன்ஸ்' குழு 1965இல் பாடிய 'பீப்பிள் கெட் ரெடி' என்ற பாட்டு, கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் மரபிலிருந்து வந்தது. அமெரிக்கக் குடியுரிமைப் போராட்டத்தோடு சேர்ந்து வளர்ந்தது. அதை மார்லி தன்னுடைய 'ஒன் லவ்' பாட்டோடு இணைத்து, 1977இல் வெளியான 'எக்ஸோடஸ்' தொகுப்பில் ரெகே நடையில் பாடினார். பாட்டின் உரிமையில் மேஃபீல்டின் பெயரும் சேர்க்கப்பட்டது. கோயில் பாட்டு போராட்டப் பாட்டாகி, கடல் கடந்து இன்னொரு மக்களின் பாட்டாகிவிட்டது.

பக்திப் பாட்டின் மெட்டை எடுத்து அரசியல் பாட்டாக மாற்றும் இந்த வேலை, தாமிரபரணிக் கரையில் அதற்கு எழுபது வருடம் முன்னாலேயே நடந்திருக்கிறது. செய்தவர் எட்டயபுரத்துக்காரர் சுப்பிரமணிய பாரதி. எடுத்துக்கொண்ட மூலம் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. காரணமாக அமைந்தது திருநெல்வேலியின் சுதேசி இயக்கமும், 1908 மார்ச்சில் நடந்த எழுச்சியும்.

வர்ணமெட்டு என்றால் என்ன?

பழைய தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பாட்டின் தலைப்புக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு இருக்கும். இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று போட்டிருப்பார்கள். சென்னைக் குஜிலிக் கடைகளில் காலணா, அரையணாவுக்கு விற்ற சின்னப் புத்தகங்களில் இது சர்வ சாதாரணம். ஸ்வரம் போட்டு அச்சடித்தால் வாங்குகிற பத்துப் பேரில் ஒருவருக்கும் புரியாது. ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டால், புத்தகம் கையில் கிடைத்த அன்று மாலையே பாடிவிடலாம். இசைத்தட்டும் வானொலியும் இல்லாத காலத்தில் ஒரு புதிய பாட்டு வேகமாகப் பரவ இதைவிட மலிவான வழி கிடையாது.

ஆனால் இரவல் மெட்டு வெறும் ராகத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. அந்த மெட்டில் முன்பு என்ன பாடினார்கள், யார் யாரிடம் பாடினார்கள், கதை எப்படி முடிந்தது என்ற ஞாபகத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. பாரதி பயன்படுத்திக்கொண்டது இந்த ஞாபகத்தைத்தான்.

மூலப் பாட்டு

சிதம்பரம் போய் நடராசரைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கி, "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றவர் நந்தன். ஆதனூரைச் சேர்ந்தவர். தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட புலையர் சாதியில் பிறந்தவர். அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவர். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் அவர் பெயர் வருகிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கதை விரிகிறது. அங்கே நந்தனைத் தடுக்கும் பண்ணையார் யாரும் கிடையாது. தன் பிறப்பை நினைத்து அவர் தாமே தயங்கி நிற்கிறார்.

பண்ணையாரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள நரிமணத்தில் பிறந்து, மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்து, 1896இல் மறைந்தவர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் இயற்றிய நந்தனார் சரித்திரத்தில், நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறார். வேதியர் சீறுகிறார். மாட்டிறைச்சி தின்கிற உனக்கு மார்கழித் திருநாள் ஒரு கேடா என்ற பொருளில் ஏசுகிறார். கடைசியில், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று, நடக்காத காரியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறார். ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கும் மேல். நாற்பது வேலி என்றால் இருநூற்று அறுபது ஏக்கருக்கும் அதிகம்! ஆனால் ஒரே இரவில் சிவன் அருளால் வேலை முடிந்து பயிர் விளைந்து நிற்கிறது. பார்த்த வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

அந்தக் காலத்துத் தஞ்சைச் சீமையில், பெரும்பாலான நல்ல நிலம் யார் கையில் இருந்தது, அதில் யார் உழைத்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு துணிச்சலான கற்பனை என்பது புரியும். அதுவும் எழுதியவர் ஒரு பிராமணர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குச் சிறப்புப் பாயிரம் தர முதலில் தயங்கினார் என்றும், பாட்டைக் காதால் கேட்ட பிறகு மனம் உருகிக் கொடுத்தார் என்றும் உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். புலவர்களின் இலக்கணத்துக்குள் முழுதாக அடங்காத பாட்டு அது. ஆனால் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்ற கதாகாலட்சேபக்காரர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நந்தன் பாட்டு தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை என்கிற அளவுக்குப் பரவிவிட்டது.

எட்டயபுரத்துப் பையன்

பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11. எட்டயபுரம் அப்போது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. (இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது.) சின்ன ஊர்தான் என்றாலும் சங்கீதத்தில் பெரிய ஊர். முத்துசுவாமி தீட்சிதர் தம் கடைசி நாட்களைக் கழித்து, 1835இல் காலமானது இங்கேதான். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இங்கே சமஸ்தான வித்துவான். அந்தக் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி' என்ற பெரிய நூலை இந்த ஊரிலேயே அச்சிட்டு வெளியிட்டார். 1906இல் அவர் மறைந்தபோது பாரதி இரங்கற்பா பாடியிருக்கிறார்.

இரவல் மெட்டும் இந்த ஊருக்குப் புதிதல்ல. தீட்சிதர் இளமையில் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது, கோட்டைப் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வத் துதிகளை எழுதினார். இவற்றுக்கு 'நொட்டுஸ்வரம்' என்று பெயர். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டுகூட அதில் ஒரு துதிப்பாட்டாகிவிட்டது! ராஜாவின் மெட்டில் தெய்வத்தைப் பாடினார் தீட்சிதர். அதே எட்டயபுரத்திலிருந்து வந்த பாரதி, தெய்வத்தைப் பாடிய மெட்டில் ராஜாவின் அதிகாரியைப் பாட வைத்தார்.

அரண்மனைச் சங்கீதம் ஒரு பக்கம் இருக்க, வெளியே வேறு பாட்டுகள் ஒலித்துக்கொண்டிருந்தன. கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுப்பவர்களின் பாட்டை எடுத்து இலக்கியமாக்கிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இதே சீமைக்காரர். 1891இல் மிக இளம் வயதிலேயே இறந்துபோனார். நொண்டிச் சிந்து, கிளிக்கண்ணி, கும்மி, பள்ளு எல்லாம் வயலிலும் திருவிழாவிலும் கேட்டவை. பாரதி திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்ததும், கடையத்தில் பெண் எடுத்ததும் இந்தப் பாட்டுகளின் நடுவில்தான்.

அதனால்தான் அவருடைய தேசிய கீதங்களில் பல, பழைய உருவங்களில் இருக்கின்றன. 'எங்கள் தாய்' என்ற பாட்டு காவடிச் சிந்து மெட்டு. 'நடிப்புச் சுதேசிகள்' கிளிக்கண்ணி. 'பாஞ்சாலி சபதம்' நொண்டிச் சிந்தை முக்கியமாகக் கொண்டது. எளிய சொல்லும் பொதுஜனங்கள் விரும்பும் மெட்டும் உடைய காவியம் வேண்டும் என்று அதன் முன்னுரையில் அவரே வலியுறுத்துகிறார். சங்கீத வித்துவான்கள் பொருள் தெரியாமல் ஒரே சில கீர்த்தனைகளைத் திரும்பத் திரும்பப் பாடுவதைத் தம் கட்டுரையில் கண்டித்தவரும் அவர்தான்.

1908, திருநெல்வேலி

ஒட்டப்பிடாரத்துக்காரரான வ.உ. சிதம்பரம் பிள்ளை, 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கம்பெனியின் கப்பலுக்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் ஓடியது. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கடற்கரைக் கூட்டங்களில் நாளுக்கு நாள் ஜனம் கூடியது.

மார்ச் 9ஆம் தேதி, விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட இருவரும் கூட்டம் நடத்தினார்கள். கலெக்டர் வின்ச் அவர்களைத் திருநெல்வேலிக்கு அழைத்தார். ஜில்லாவை விட்டு வெளியேற வேண்டும், அரசியலில் ஈடுபடக் கூடாது என்ற நிபந்தனைகளுக்கு அவர்கள் இணங்கவில்லை. மார்ச் 12ஆம் தேதி கைது செய்யப்பட்டார்கள்.

மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் மூடப்பட்டன. நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், போலீஸ் நிலையம், நீதிமன்றம் ஆகியவை தாக்கப்பட்டன, தீ வைக்கப்பட்டன. மண்ணெண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். அரசாங்கத்துக்கு ஆதரவானவர்களுக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்தார்கள். பின்னர் தண்டனைப் போலீஸ் கொண்டுவந்து வைக்கப்பட்டு, அதன் செலவு ஊர்மக்கள் தலையில் வரியாக விழுந்தது. ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டாலும், கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்து, கண்ணூர் சிறையிலும் இருந்து, 1912 டிசம்பரில்தான் அவர் வெளியே வந்தார். (இந்த எழுச்சியைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய நூலுக்கு 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.)

சென்னையில் 'இந்தியா' பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்த பாரதிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. சொந்த ஜில்லா. வ.உ.சி. நெருங்கிய நண்பர். இரண்டு குடும்பங்களுக்கும் எட்டயபுர அரண்மனை வழியாகப் பழைய பழக்கம். இந்தச் சமயத்தில் பிறந்தவைதான், கலெக்டர் வின்ச் சிதம்பரம் பிள்ளைக்குச் சொல்வதாக ஒரு பாட்டும், அதற்குச் சிதம்பரம் பிள்ளை சொல்லும் மறுமொழியாக இன்னொரு பாட்டும்.

முதல் பாட்டில் வின்ச் குற்றப் பட்டியல் வாசிக்கிறார். நாடெங்கும் விடுதலை ஆசையை மூட்டினாய் என்கிறார். அடக்குவேன் என்று மிரட்டுகிறார். இரண்டாவது பாட்டில் வ.உ.சி. அசையாமல் பதில் சொல்கிறார். சொந்த நாட்டில் அடிமையாக வாழ முடியாது என்கிறார். நந்தன் கதையில் பண்ணையாரும் ஆளும் எதிரெதிரே நின்று பாடுவது போலவே, இங்கே கலெக்டரும் கைதியும் நிற்கிறார்கள். நடந்த சம்பவத்தை அப்படியே கதாகாலட்சேபக் காட்சியாக்கிவிட்டார் பாரதி.

ஏச்சுப் பாட்டு இடம் மாறுகிறது

இந்த முறையை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு பாட்டுக்குப் போக வேண்டும். சுயராஜ்யம் வேண்டும் என்று கேட்ட பாரதவாசிக்கு ஆங்கிலேய உத்தியோகஸ்தன் சொல்வதாக அமைந்த பாட்டு அது. மார்கழித் திருநாள் கேட்ட நந்தனை வேதியர் ஏசுகிறாரே, அந்தப் பாட்டின் வர்ணமெட்டு என்று தலைப்பிலேயே குறிப்பு இருக்கிறது.

மூலத்தில் ஏசுகிறவர் வேதியர். ஏச்சு வாங்குகிறவர் நந்தன். பாரதியின் பாட்டில் ஏசுகிறவர் வெள்ளைக்கார அதிகாரி. ஏச்சு வாங்குகிறவர் பாரதவாசி. மூலத்தைப் போலவே இங்கும் அடிக்கு அடி ஏளனக் கேள்விகள். அடிமையாய்த் தொண்டு செய்கிற உனக்கு விடுதலை நினைப்பா? பயம் போயிற்றா? வெள்ளைத் தோலைக் கண்டால் நடுங்குவது நின்றதா? கப்பல் ஏறுவாயா, கடல் தாண்டுவாயா? இப்படிப் போகிறது.

யார் கேட்டார்கள் என்று யோசித்தால் இதன் கூர்மை தெரியும். கதாகாலட்சேபத்தில் நந்தன் பாட்டைக் கேட்டு உருகியவர்களில் நிலக்காரர்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நிறைய. நந்தனுக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் தங்கள் பண்ணையாளைத் தூரமாய் நிற்கச் சொல்லக்கூடியவர்கள். அந்த மெட்டு அவர்களுக்கு மனப்பாடம். அதே மெட்டில் இப்போது அவர்களையே ஒருவன் ஏசுகிறான். கதையில் தாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் வெள்ளைக்காரன் உட்கார்ந்திருக்கிறான். தாங்கள் நிற்பதோ நந்தன் நின்ற இடத்தில். மேடைப் பேச்சில் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். மெட்டு அதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நந்தன் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். ஏசிய வேதியர் கடைசியில் நந்தன் காலில் விழுவார். ஆகவே அதே மெட்டில் ஆங்கிலேய அதிகாரி எகத்தாளம் பேசும்போது, கேட்பவருக்கு அவனுடைய முடிவும் தெரிந்துவிடுகிறது. பாட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை! அரசாங்க மொழிபெயர்ப்பாளர் இதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால், ஒரு வெள்ளைக்காரர் இந்தியர்களைத் திட்டுவதாகத்தான் இருக்கும். ராஜத் துரோகம் சொல்லில் இல்லை, மெட்டில் இருந்தது.

பாரதி இதை ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. நந்தன் தன்னை ஆண்டைக்கு அல்ல, ஆண்டவனுக்கே அடிமை என்று பாடும் மெட்டில் 'பாரத தேவியின் அடிமை' வந்தது. தில்லைவெளியில் கலந்தவர் திரும்பி வருவாரா என்று கேட்கும் மெட்டில் 'சுதந்திரப் பெருமை' வந்தது. முதலாவதில் சிவன் இருந்த இடத்தில் தாய்நாடு இருக்கிறது. இரண்டாவதில் முக்தி இருந்த இடத்தில் விடுதலை இருக்கிறது. கேட்பவர் மனத்தில் பக்தி வெட்டியிருந்த வாய்க்காலிலேயே அரசியலையும் பாய்ச்சினார் எனலாம்.

நந்தன் எங்கே போனான்?

ஆனால் இந்தக் கைமாற்றத்தில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. மூலப் பாட்டில் ஏச்சு வாங்கியவர் எல்லோரும் அல்ல. நிலமில்லாத, தீண்டாமைக்கு ஆளான ஓர் உழைப்பாளி. அந்த இடத்தில் 'பாரதவாசி' என்ற பொதுப்பெயர் வந்ததும், பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். நந்தனை ஏசிய வேதியரும் நந்தனோடு சேர்ந்து அடிமையாகிவிடுகிறார். அவர் பதில் சொல்ல வேண்டிய கணக்கு என்ன ஆயிற்று? சாதிக் கொடுமையின் வலியைத் தேசத்தின் வலிக்கு உவமையாக எடுத்துக்கொண்டு, சாதிக் கொடுமையை அப்படியே விட்டுவிட்டதா இந்தப் பாட்டு? நியாயமான கேள்விதான்.

மார்லியின் பாட்டுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஒடுக்கப்பட்டவர்களின் பாட்டாகப் பிறந்தது இன்று உல்லாசப் பயண விளம்பரங்களில் ஒலிக்கிறது. ஒரு பாட்டை எல்லோருக்கும் பொதுவாக்கும்போது, முதலில் அழுதவரின் முகம் மங்கிப்போகிறது.

பாரதிக்கு இது தெரியாமல் இல்லை என்பதற்கு அந்தப் பாட்டிலேயே தடயம் இருக்கிறது. ஆங்கிலேயன் கேட்கும் கேள்விகளில் ஒன்று, உங்கள் சாதிச் சண்டை தீர்ந்ததா என்பது. சமயச் சண்டையையும் சேர்த்தே கேட்கிறான். கேட்பவன் எதிரிதான். ஆனால் கேள்வி பொய்யல்ல. பாரதி இதற்குப் பாட்டுக்குள் பதில் எழுதவில்லை. பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும்தான் பதில் சொல்ல வேண்டும். வெறும் தேசப் பெருமைப் பாட்டாக இருந்திருந்தால் இந்தக் கேள்வி உள்ளே வந்திருக்காது. பின்னால் புதுச்சேரியில், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தவர் பாரதி. அது போதுமா போதாதா என்று வாதிடலாம். மறந்துவிட்டார் என்று மட்டும் சொல்ல முடியாது.

இந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த பாட்டு வடிவப் பதில் ஒன்றும் உண்டு. அதன் வேர் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. திருநெல்வேலிக்குக் கிழக்கே சீவலப்பேரியில் சிற்றாறும் கயத்தாறும் தாமிரபரணியோடு கலக்கும் இடம்தான் பழைய முக்கூடல். அந்த இடத்தைக் களமாகக் கொண்டது முக்கூடற் பள்ளு. ஆற்றில் வெள்ளம் வருவது, மீன் வகை, நெல் வகை, மாட்டு வகை, விதைப்பு, அறுவடை என்று வயல் வாழ்க்கை முழுதும் அதில் உண்டு. பள்ளனும் அவனுடைய இரண்டு மனைவியரும் பேசும் பேச்சில் அந்தக் காலத்து நெல்லைத் தமிழ் கேட்கிறது. அதிலும் ஒரு பண்ணைக்காரன் வருகிறான். பள்ளனைத் தொழுவில் மாட்டித் தண்டிக்கிறான். ஆனால் பள்ளு பெரும்பாலும் உழைப்பவரை வேடிக்கை பார்த்த இலக்கியம். பாடியவர்கள் புலவர்கள், சிரித்தவர்கள் நிலக்காரர்கள்.

பாரதி இந்த உருவத்தையும் இரவல் வாங்கினார். 'சுதந்திரப் பள்ளு' என்று பெயர் வைத்து, பள்ளர் களியாட்டம் என்று கீழே குறித்தார். இங்கே வேடிக்கை பார்க்கப்படுகிறவர்கள் கிடையாது. வயலில் இருப்பவர்களே ஆடிப் பாடுகிறார்கள், விடுதலை ஏற்கெனவே வந்துவிட்டதைப் போல! வெள்ளைக்காரத் துரைக்குக் கும்பிடு போட்ட காலத்தோடு, பார்ப்பானை ஐயர் என்று மரியாதை பண்ணிய காலமும் போயிற்று என்கிறார்கள். உழவும் தொழிலுமே வணக்கத்துக்குரியவை என்கிறார்கள். அந்தப் பாட்டில் வெள்ளைக்காரனோடு வேதியரும் கணக்குத் தீர்க்கப்படுகிறார். நந்தன் மெட்டில் விடுபட்டது பள்ளில் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

மெட்டுக்கு நேர்ந்தது

1928இல் சென்னை மாகாண அரசாங்கம் பாரதியின் பாடல் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் இதை எதிர்த்துக் கடுமையாக வாதாடினார். புத்தகங்களைப் பறிமுதல் செய்து என்ன பயன்? மெட்டு எல்லோர் வாயிலும் இருந்தது. நாடகக்காரர்கள் அதற்குள் இந்த வித்தையை நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். புராண நாடகத்துக்கு நடுவில், விஸ்வநாததாஸ் போன்ற நடிகர்கள் வெள்ளைக் கொக்கை விரட்டுவது போல வெள்ளைக்காரனை விரட்டிப் பாடிச் சிறை சென்றார்கள்.

பிறகு சினிமா வந்தது. நந்தன் கதை 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நடிக்கவும், 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகர் நடிக்கவும் படமானது. பாரதி பாடல்களின் இசை உரிமை ஏ.வி.எம். நிறுவனத்திடம் போனது. 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய 'சுதந்திரப் பள்ளு' ஊரெங்கும் ஒலித்தது. ஒரு நாட்டின் கவிஞருடைய பாட்டு ஒரு கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கலாமா என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1949இல் சென்னை அரசு உரிமையை வாங்கியது. பிறகு பொதுமக்களுக்கே விட்டுவிட்டது. பொதுமக்களின் மெட்டுகளை இரவல் வாங்கி எழுதிய பாட்டுகள் பொதுமக்களிடமே திரும்பி வந்தன.

ஆனால் இடையில் ஒன்று தொலைந்தது. சினிமாவும் கச்சேரியும் பாரதி பாட்டுகளுக்குப் புதுப்புது மெட்டுகளைப் போட்டன. 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் ஜி. ராமநாதன் அமைத்த மெட்டுகள்தான் இன்று பலருக்கு பாரதியின் மெட்டுகள். அவை அருமையானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாரதி அடைப்புக்குறிக்குள் குறித்துவைத்த பழைய மெட்டு போனபோது, அதோடு வந்த ஞாபகமும் போய்விட்டது. இன்று அந்த ஆங்கிலேய உத்தியோகஸ்தன் பாட்டைப் பாடப் புத்தகத்தில் வாசிக்கிற மாணவருக்கு அது ஒரு கிண்டல் பாட்டு, அவ்வளவுதான். நந்தனையும் வேதியரையும் அந்த மாணவர் பார்ப்பதில்லை.

திரும்பப் பார்ப்பது கஷ்டமான காரியம் இல்லை. நந்தனார் சரித்திரம் இன்னும் கிடைக்கிறது. அந்தப் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடுகிற கதாகாலட்சேபக்காரர்களும் இருக்கிறார்கள். வேதியர் ஏசும் பாட்டை முதலில் ஒருமுறை கேட்டுவிட்டு, அதே மெட்டில் பாரதியின் பாட்டைப் பாடிப் பார்த்தால் போதும். கலெக்டர் வின்ச்சின் மேஜைக்கு முன்னால் 1908 மார்ச் 12ஆம் தேதி நின்றவருக்குப் பின்னால், ஆதனூர்ப் பண்ணையாள் ஒருவர் நிற்பது தெரியும்.